கொம்பு விலகிய பிரதி

முதலில் ஈரத்தை அளந்தேன்.
அகலம் பதினைந்து அங்குலம், உயரம் இருபத்தொன்று.
அதற்குமேல் தையல் நாடாவுக்கு ஒன்றும் தெரியவில்லை,
எந்தக் குழாய் கசிகிறது, எப்போது நிற்கும் என்பதெல்லாம்.
வீட்டுக்கார டொரீன் அன்ரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது:
"ஆணி மட்டும் அடிச்சிராத, மகள்."

கொட்டாஞ்சேனையில் இரவு பதினொரு மணி.
போனில் சினிமா போஸ்டர்களைத் தள்ளிக்கொண்டே போகிறேன்.
துப்பாக்கி, மழைக்குள் குடை,
முதுகைக் காட்டி நிற்கும் நாயகர்கள்,
அழுகிறாளா தும்மப்போகிறாளா என்று தெரியாத ஒருத்தி.
ஓடின படமோ ஓடாத படமோ எல்லாம் ஒரே விலை:
ஏ3 அறுநூற்றைம்பது,
ஏ2 ஆயிரத்து இருநூறு,
டெலிவரி தனி.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

'எந்தப் படம் வேணும்?'
மருதானையில் அச்சடிக்கும் ஷிபான் கேட்டு அனுப்பியிருந்தான்.
'எதெண்டாலும் சரி. அகலம் பதினாறு அங்குலம் இருக்கவேணும்.'
அவன் பக்கத்தில் மூன்று புள்ளிகள்
கனநேரம் துள்ளின, நின்றன, திரும்பவும் துள்ளின.
'அப்ப ஒண்டு ஈக்கி. பிழையா அடிச்ச ஏ2. பாதி விலை.'

படத்தை அனுப்பினான்.
சரக்கு ரயிலின் மேலே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.
கீழே சிவப்பில் தலைப்பு,
அதாவது தலைப்பாக இருந்திருக்க வேண்டியது.
கொம்பு தன் எழுத்தை விட்டு
வலப்பக்கம் போய்
புள்ளிகளாலான ஒரு வட்டத்தின் தோளில்
கைபோட்டு நிற்கிறது.
அரவு தனியே.
குற்று எங்கே போனதென்றே தெரியவில்லை.

இதைச் சொல்லியாகவேண்டும்: என் வேலையே இதுதான்.
பகல் முழுக்கப் பத்தரமுல்லையில் ஆறாம் மாடியில்
பெயர்ப்பலகைகளின் தமிழைத் திருத்துகிறேன்.
'வெளியேறும் வலி' என்று வந்ததைச்
சிவப்புப் பேனையால் வட்டமிட்டு
வழி, வழி, வழி என்று ஓரத்தில் எழுதி அனுப்புவேன்.
மூன்று மாதத்தில் திருந்தி வரும்
வேறொரு பிழையோடு.

'அனுப்புங்கோ' என்றேன்.

பிவிசி குழாய் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான் தரங்க.
"தூண்டிலா, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டான்.
"சினிமா."
"ஆர் நடிச்சது?"
எனக்கும் தெரியாது. பிரித்தோம்.
விரித்தால் சுருண்டது, விரித்தால் சுருண்டது.
ஒரு மூலைக்குப் பருப்பு டின், ஒன்றுக்கு இஸ்திரிப் பெட்டி,
மூன்றாவதற்கு என் செருப்பு,
கடைசி மூலைக்குத் தன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தான்.
தமிழ் வாசிக்கத் தெரியாத அவன்
குந்தியிருந்து தலைப்பை விரலால் தடவி
"எழுத்து நல்ல வடிவு" என்றான்.
ஆறாம் மாடியில் ஏழு வருடம்.
ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை,
சரியான எழுத்தைப் பார்த்துக்கூட.

மிச்சக் காசு அவனிடம் இல்லை. பரவாயில்லை என்றேன்.

இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டியபின்
மார்க்கரும் கையுமாய் நின்றேன்.
கொம்பைப் போடலாமென்றால்
போடவேண்டிய இடத்தில் ரயிலின் சில்லு.
சில்லை அழித்துவிட்டு எழுத்தைத் திருத்தினால்
அந்தப் பெண் எப்படிப் போவாள்?
மூடியை மூடினேன்.

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பெயராய் வாசிக்கிறார்கள்.
பக்கத்து வீட்டு நிர்மலன் அந்தப் படத்தைப்
பார்த்திருப்பதாகவே சொல்கிறான்,
இடைவேளைக்குப் பிறகு இழுவையாம்.

ஐப்பசி மழை மூன்று நாள்.
நாலாம் நாள் காலை
போஸ்டரின் இடது விளிம்பைத் தாண்டி
ஈரம் வெளியே வந்திருந்தது,
தலைப்பின் முதல் எழுத்துக்குச் சரி நேரே.
கொம்பு மாதிரி வளைந்து என்று எழுத ஆசைதான்.
இல்லை.
ஈரம் மாதிரித்தான் இருந்தது.

நாடாவை எடுத்தேன்.
அகலம் பத்தொன்பது.
'ஷிபான், பிழையா அடிச்ச ஏ1 ஏதும் இருக்கா?'

மூன்று புள்ளிகள்
துள்ளுகின்றன.